ரொறொன்ரோ பார்த்த என் முதுகு

படம் பார்த்துக் கெட்டவர்களில் நடிகரைப் பார்த்துக் கெட்டவர்களால் யாருக்கும் கேடில்லை. அவர்களின் தலைமுடிதான் பாவம். நான் டைரக்டரைப் பார்த்துக் கெட்டவன்.

2011. மெல்பேர்னின் புறநகரான டார்னெய்ட்டில் புது வீட்டுக்குக் குடிவந்த புதிது. எனக்கு ஒரு ஹொலிவூட் டைரக்டர் மீது பைத்தியம். (பெயர் சொல்லமாட்டேன்; அக்காவுக்கு இன்றும் அந்தப் பெயர் ஆகாது.) இங்கிலாந்தில் ஊமைப் படத்தில் தொடங்கி, ஹொலிவூட் போய், உலகத்தையே கதிரை நுனியில் இருத்திய மனிதர். ஒரு நிழல், பாதி திறந்த கதவு போதும் அவருக்கு. தன் படங்களில் தானே ஒரு மூலையால் கணநேரம் நடந்து போவார். அது அவருடைய முத்திரை.

அந்த நேரம் பார்த்து அக்காவுக்கு ரொறொன்ரோவில் ஒரு சம்பந்தம் பொருந்தியது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போனதில் அம்மா இங்குள்ள த பேசின் கோயில் பிள்ளையாருக்கு நேர்த்திக்கடனே வைத்திருந்தார். மாப்பிள்ளையின் தாய், "போட்டோ காணாது, பிள்ளை நடந்து திரியிற மாதிரி ஒரு வீடியோ அனுப்புங்கோ" என்றார். அந்த வேலை என் தலையில் விழுந்தது. விழுந்ததென்ன, பறித்தெடுத்தேன்.

"அக்கா, கேக்கை வெட்டு. மெதுவா. கத்தியைப் பார்த்துச் சிரி."

"டேய், ஒழுங்கா எடுப்பியோ?"

"இது கலை, உனக்கு விளங்காது."

திரைச்சீலைகளை மூடி, விளக்கை அணைத்து, அவள் முகத்துக்குக் கீழேயிருந்து டோர்ச் அடித்தேன். கடைசியில் என் முத்திரை! கமராவை மேசையில் வைத்துவிட்டு, அப்பாவின் கறுப்புக் கோட்டும் தொப்பியும் மாட்டி, முகம் காட்டாமல் அக்காவுக்குப் பின்னால் ஒரு கதவால் வந்து மற்றக் கதவால் மறைந்தேன். (மேதை!) வீட்டில் ஒருவருக்கும் காட்டாமலே அனுப்பியும் விட்டேன்.

அடுத்த கிழமை மாப்பிள்ளையின் தாயிடமிருந்து போன் வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"பிள்ளை வடிவுதான். லைட் பில் கட்டேல்லையோ எண்டு யோசிச்சனாங்கள், அது பரவாயில்லை. ஆனா, பின்னால ஒளிச்சு ஒளிச்சுப் போற பெடியன் ஆர்?"

"பெடியனோ? எங்கட வீட்டிலயோ?"

"நிப்பாட்டி நிப்பாட்டிப் பார்த்தனாங்கள். பிள்ளைக்கு வேற விருப்பம் இருந்தா இப்பவே சொல்லிப் போடுங்கோ."

அம்மா அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. நான் போனுக்குக் கிட்டப் போனேன்.

"அது நான்தான், அன்ரி," என்றேன்.

"ஆரும் அப்பிடிச் சொல்லலாம், தம்பி. நடந்து காட்டும்."

அன்றே கணினியில் வீடியோ அழைப்பு. ரொறொன்ரோவில் ஒரு குடும்பமே வரிசையாக உட்கார்ந்திருக்க, கோட்டும் தொப்பியுமாகக் கதவுக்குக் கதவு நடந்தேன்.

"இன்னொருக்கா. கொஞ்சம் மெதுவா. தொப்பியைச் சரிச்சுப் போடும்."

(எனக்கு வாய்த்த ஒரே டைரக்டர் அந்த அன்ரிதான்.)

கடைசியில் அவர் தலையாட்டினார். "ஓம், இதே முதுகுதான்."

அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அதைக் கண்டு அக்காவும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைத்தான் நான் முதலிலேயே எடுத்திருக்க வேண்டும்.

கலியாணம் நடந்தது. கமராப் பக்கம் என்னை யாரும் அண்ட விடவில்லை. போன மாதம் அவர்கள் எல்லோரும் மெல்பேர்ன் வந்திறங்கினார்கள். விமான நிலையத்தில் பூங்கொத்தோடு ஓடினேன். இத்தனை வருடத்தில் வளர்ந்த தாடியில் என்னைத் தெரியாமல், அன்ரி யாரோ என்று விலத்திப் போனார்.

அத்தான் சொன்னார்: "மச்சான், அங்கால திரும்பும்."

திரும்பினேன்.

"ஐயோ, எங்கட தம்பியெல்லோ!" என்று அன்ரி ஓடிவந்து முதுகைத் தடவினார்.