தீக்கோளில் ஒரு வரவேற்புரை

ஒரு காட்டில் விண்வெளித் துறை இருந்தது. சிரிக்காதீர்கள். குடிக்க ஒழுங்கான குட்டை இல்லாத காடுதான். ஆனாலும் துறை இருந்தது, அதற்குப் பெயர்ப்பலகையும் இருந்தது.

அங்கே உண்மையாக வேலை பார்த்தது செங்கமலம் என்ற அழுங்கு, அதாவது எறும்புதின்னி, மட்டும்தான். உடம்பெல்லாம் செதில், வாயில் பேச்சு குறைவு. தீக்கோள் என்ற கிரகத்தில் உயிர் இருக்கிறது என்று பன்னிரண்டு வருஷமாக ஒற்றைக்காலில் நின்றது. அங்கே ஈயம்கூட உருகி ஓடும். மழை பெய்தால் அமிலம். மூன்று இயந்திரங்களை அனுப்பிப் பார்த்தாகிவிட்டது. ஒன்று காற்றழுத்தத்தில் அப்பளமாக நொறுங்கியது. ஒன்று இறங்கும்போதே எரிந்தது. மூன்றாவது தலைகீழாக விழுந்து, தன் காலையே படம் பிடித்து அனுப்பிவிட்டுச் செத்தது.

சிங்கராஜாவுக்குப் பொறுமை போய்விட்டது. ('அவர்' என்றே சொல்லிவைப்போம், நமக்கெதுக்கு வம்பு.) நான்காவது இயந்திரமும் ஒன்றும் கண்டுபிடிக்காவிட்டால் துறையை மூடிவிடுவேன், நீ பழையபடி புற்று தோண்டப் போகலாம் என்று சொல்லிவிட்டார். செங்கமலம் பயந்துபோய், தன் முதுகுச் செதிலையே பிய்த்துக் கவசம் செய்தது. இயந்திரம் நாற்பது நிமிஷம் தாங்கும். மண்ணைத் தோண்ட ஒரு கை, சத்தம் கேட்க ஒரு காது. வேலைக்கு அது தாராளம்.

அப்போதுதான் விழாக்குழுச் செயலாளர் மயில் நிகழ்ச்சி நிரலோடு வந்து சேர்ந்தது. முதலில் வரவேற்புரை, அப்புறம் ராஜாவின் தலைமையுரை, அதற்கப்புறம்தான் தோண்டல் என்று சொல்லி, இயந்திரத்தில் ஒரு ஒலிபெருக்கியையும் மாட்டிவிட்டது. பேச்சு அதுபாட்டுக்குப் போகட்டும், கை அதுபாட்டுக்குத் தோண்டட்டும் என்று செங்கமலம் கெஞ்சிப் பார்த்தது. மேடையில் பேச்சு நடக்கும்போது கையை ஆட்டிக்கொண்டிருப்பது என்ன மரியாதை என்று மயில் கேட்டது.

இயந்திரம் அலுங்காமல் தரையிறங்கியது. சும்மா சொல்லக்கூடாது, அழகான இறக்கம். மயில் ஒலிவாங்கியைப் பிடித்தது. ராஜாவுக்குப் பதினெட்டுப் பட்டங்கள். அடுத்து யானையார், கரடியார், முதலையார், மேற்குக் கரை முயல் சங்கத் தலைவர், முன்னாள் தலைவர். 'பெயர் விடுபட்டவர்கள் பொறுத்தருள்க' என்று சொல்லிவிட்டு, விடுபட்டவர்களின் பெயரையும் வாசித்தது. அங்கே கவசம் உருகத் தொடங்கிவிட்டது. இங்கே செங்கமலம் பந்தாகச் சுருண்டு கிடந்தது. முப்பத்தேழு நிமிஷம் போய்விட்டது, 'வணக்கம்' இன்னும் வரவில்லை.

மயில் மூச்சு வாங்க நிறுத்திய நேரத்தில், தீக்கோளிலிருந்து ஒரு குரல் வந்தது.

உயிர் இருக்கிறது! செங்கமலம் நிமிர்ந்து உட்கார்ந்தது, கண்ணில் தண்ணீர். அந்தக் குரலுக்கு நம் பாஷை இந்த முப்பத்தேழு நிமிஷத்தில் காதால் கேட்டுக் கற்றதுதான். பேச்சென்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும்போல என்று நினைத்துவிட்டது, பாவம். ராஜாவின் பதினெட்டுப் பட்டங்களையும் மூச்சு விடாமல் மடமடவென்று சொன்னது. யானையார், கரடியார், முதலையார், முன்னாள் தலைவர்வரை ஒருவரையும் விடவில்லை. கடைசியில் ஒருவழியாக விஷயத்துக்கு வந்தது.

"எங்கள் கிரகமும் ஒரு காலத்தில் உங்களுடையதுபோலக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. உங்களுக்கு ஓர் அவசரச் செய்தி. இன்றைக்கே நீங்கள் எல்லோரும்"

அத்தோடு இயந்திரம் உருகிப்போனது.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பதினெட்டில் ஒன்றைக்கூட விடவில்லையே, எவ்வளவு பண்பானவர்கள் என்று ராஜா உருகினார். துறையை மூடவில்லை. செங்கமலத்துக்குப் பதவி உயர்வு, கீழே வேலை பார்க்கப் பன்னிரண்டு கிளிகள்.

செங்கமலம் மெதுவாகக் கேட்டது: "ராஜா, இன்றைக்கே நாம் என்ன செய்யணுமாம்?"

"இன்றைக்கா?" என்றார் ராஜா. "இன்றைக்கு நன்றியுரை பாக்கி இருக்கிறதே."

நீதி: அவசரச் செய்தியில் மரியாதையைக் குறைத்தால் யாரும் காது கொடுக்கமாட்டார்கள், குறைக்காவிட்டால் செய்தி வந்து சேராது. ஆகவே, அவசரம் எதுவும் இல்லாத செய்திகளை மட்டும் அனுப்புக.