மச்சானுக்கு இல்லாத பின் சீட்டு

என் வேனின் பின் சீட்டில் என் மச்சான் ஆதிகேசவன் உட்காரக் கூடாது. அதற்கு ஒரே வழி, பின் சீட்டே இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆறிப்போன காபி டம்ளர்மேல் கை வைத்து இந்த முடிவை எடுத்தேன்.

ஏன் இந்தப் பகை என்று கேட்பீர்கள். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், என் கல்யாணத்தன்று, அல்சூர் கோயிலிலிருந்து மண்டபத்துக்குக் கார் கிளம்பியது. முன் சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்தவன் ஆதிகேசவன். மாப்பிள்ளையான என்னைப் பின்னால் இரண்டு அத்தைகளுக்கு நடுவில் செருகி, மடியில் ஒரு வாழைத்தாரையும் வைத்தான். “கொஞ்சம் பிடிச்சுக்குங்க மாப்ளே, நசுங்கிடப் போவுது” என்றான். வாழைப்பழத்தைச் சொன்னான். என்னைச் சொல்லவில்லை.

நான் மறப்பேனா?

என் மனைவி சீதாலட்சுமிக்கு அந்தச் சீட்டின்மேல் வேறு விதமான கண். அவள் விசேஷ வீடுகளுக்குச் சமைத்துக் கொடுக்கிறவள். “பின் சீட்டக் கழட்டினா அண்டாவெல்லாம் நிக்குங்க” என்று இரண்டு வருஷமாகக் கேட்டாள். இருபத்தெட்டு வருஷம் கம்பெனி பஸ் ஓட்டியவன் நான். என் வண்டியில் மனுஷன் ஏறுவான், சாம்பார் ஏறாது என்று சொல்லிவிட்டேன். போன மாதத்திலிருந்து அவளும் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை, காபியை நீட்டிக்கொண்டே சொன்னாள்.

“ஏங்க, நாளைக்கு அண்ணன் வர்றாரு.”

“எதுக்கு?”

“ஞாயித்துக்கெழம ஜீவனஹள்ளில ஒரு கிரகப்பிரவேசம். நம்ம வேன்லயே வர்றாரு.”

“ஏன், ஊர்ல பஸ் ஓடலியா?”

“அவருக்கு நம்ம பின் சீட்டுன்னா உசுருங்க. மெத்து மெத்துன்னு இருக்காம். அதுல ஒரு நாளு கால நீட்டிப் படுக்கணும்னு ஆசையாம்.”

“படுக்கணுமா!”

“பாவம், வயசானவரு.”

காபி ஆறியது அப்போதுதான்.

சனிக்கிழமை காலையில் பதினாலாம் நம்பர் ஸ்பேனரோடு வேனுக்குள் தலையை விட்டேன். நாலு போல்ட். பதினெட்டு வருஷத் துரு. ஆனால் முன்னால் இருந்த இரண்டும் ஒரே முக்கலில் திரும்பின. மூன்றாவதுக்கு இரண்டு முக்கல். அறுபத்துநாலு வயதிலும் இந்தக் கை என்ன கை! ஒரு விஷயம்தான் இடித்தது. சீட்டுக்கடியில் ஒரே டீசல் வாடை. என் வேன் பெட்ரோல் வண்டி. பக்கத்து வீட்டுக் கிருஷ்ணப்பாவின் சரக்கு ஆட்டோதான் டீசல். அவன் வேலையாகத்தான் இருக்கும் என்று, அவன்மேலும் ஒரு பகையைத் தொடங்கி வைத்தேன்.

நாலாவது போல்ட், போல்ட் இல்லை. விரோதி. சக்கர மேட்டுக்கும் பெல்ட் கொக்கிக்கும் நடுவே ஒளிந்திருந்தது. தடவினால் விரலுக்குத் தெரிகிறது, குனிந்தால் கண்ணுக்குத் தெரியவில்லை. ஸ்பேனரை மாட்டினால் திருப்ப இடமில்லை. தலைகீழாகத் தொங்கினேன். மல்லாந்து பார்த்தேன். கெட்ட வார்த்தையும் சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை.

“இன்னாங்க பண்றீங்க?” வாசலில் சீதாலட்சுமி.

“ரிப்பேர்.”

“ஐயையோ, சீட்டையா கழட்டறீங்க? அண்ணன் எங்க உக்காருவாரு?”

“அது உங்க அண்ணன் பாடு.”

“வேணாங்க. அந்த மூலை போல்ட்டு உங்களால ஆவாது.”

“யாரால ஆவாது?”

“விட்டுடுங்க. அண்ணன் வந்தா ஒரே இழுப்புல கழட்டிடுவாரு.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இதற்கு மேல் அந்த போல்ட்டை விட்டு வைக்க முடியுமா? என் கை கழன்றாலும் அது கழன்றாக வேண்டும்.

அந்த நேரம் பார்த்து வந்தான், அடுத்த தெரு மெக்கானிக் கிளாரன்ஸ்.

“இன்னாண்ணே, வண்டி உங்கள முழுங்கிடுச்சா? கால் மட்டும் வெளிய கீது.”

“நாலாவது வர மாட்டேங்குதுடா.”

“அதுக்கு ஸ்பேனர் போவாதுண்ணே. மேலேருந்து எறங்கணும்.” பையிலிருந்து ஒரு பதினாலாம் நம்பர் சாக்கெட்டை எடுத்தான். அப்புறம் கழுத்து மடங்குகிற மூட்டு, நீளக் கம்பி, இரண்டடி இரும்புப் பைப்.

“இதெல்லாம் எப்பவும் பையிலயே வச்சிருப்பியா?”

“இன்னிக்கு வச்சிருக்கேன்.”

“எங்க கெளம்பின?”

“சும்மா, இந்தப் பக்கமா...”

எல்லாவற்றையும் ஒன்றோடு ஒன்று மாட்டி மூலைக்குள் இறக்கினான். கைப்பிடியில் பைப்பைச் செருகினான்.

“மொதல்ல லேசா இறுக்குங்கண்ணே. துரு ஒடையட்டும். அப்பறம் இந்தப் பக்கம் இழுங்க. இல்ல, நான் இழுக்கட்டா?”

“தொடாதே! இது குடும்ப விஷயம்.”

இறுக்கினேன். இழுத்தேன். டக்கென்று ஒரு சத்தம். போல்ட் என்று நினைத்தேன். இன்னொரு டக். அது என் இடுப்பு. அடுத்த நொடி, பக்கக் கதவு வழியாக வந்து மர்பி டவுன் ரோட்டில் உட்கார்ந்திருந்தேன், கையில் பைப்போடு. போல்ட் கழன்றுவிட்டது!

கிளாரன்ஸும் சீதாலட்சுமியும் சேர்ந்து வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனார்கள். முதலில் சீட்டை. அப்புறம் என்னை.

சாயங்காலம் மச்சான் வந்தான். இடுப்பில் தைலத்தோடு படுத்தபடியே, காலையிலிருந்து ஒத்திகை பார்த்த வசனத்தைச் சொன்னேன்.

“வேன்ல சீட்டு இல்ல மச்சான். பஸ்லதான் போவணும்.”

“அப்பிடிங்களா மாப்ளே” என்றான். ஹாலில் சுவரோரம் போட்டிருந்த என் பின் சீட்டில் போய்க் காலை நீட்டிப் படுத்தான். “சும்மா சொல்லக் கூடாது, மெத்துன்னுதான் கீது.”

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது பாத்திரச் சத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். என் வேனுக்குள் மூன்று அண்டா, இரண்டு இட்லிக் கொப்பரை. ஸ்டியரிங்கில் ஆதிகேசவன்.

“சீதா! இன்னா இது?”

“நூத்திருவது பேருக்கு டிபன். ஜீவனஹள்ளி கிரகப்பிரவேசம். சொன்னேனே.”

“உங்க அண்ணன் வர்றதாதானே சொன்ன?”

“வர்றாரே, ஓட்டிக்கிட்டு. நீங்கதான் ஓட்டுவீங்கன்னு நெனச்சேன். இடுப்பு இப்படி ஆவும்னு யாரு கண்டா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“நாலாவது போல்ட்டு மூலையில இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“துரு எளகட்டும்னு புதன்கெழமையிலேருந்து குனிஞ்சு குனிஞ்சு டீசல் ஊத்துனவ நானு. உளுந்தாட்டம் ஊற வச்சேன். மூலையில மட்டும் சரியா எறங்கல. அதுக்குத்தான் கிளாரன்ஸ வரச் சொன்னது.”

“டீசல்?”

“கிருஷ்ணப்பா ஒரு பாட்டில் குடுத்தாரு.”

அந்த ஒரு பகையாவது வீண்போகவில்லை.

“அப்ப கிளாரன்ஸையே கழட்டச் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னேன். நீங்க சம்மதிக்காம ஒரு ஸ்க்ரூவக்கூடத் தொட மாட்டேன்னுட்டான். உங்கள சம்மதிக்க வைக்க இந்த ஊர்ல யாரால ஆவும்? எங்க அண்ணன் ஒருத்தராலதான்.”

மச்சான் ஹார்ன் அடித்தான். நான் இல்லாமல் என் வண்டியை அவன் ஓட்டிக்கொண்டு போவதா? முடியாது. நானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். முன்னால் சீதாலட்சுமி உட்கார்ந்துவிட்டாள். பின்னால் ஏறினேன். சீட்டு இருந்த இடத்தில் ஒரு பழைய தலையணை போட்டிருந்தாள். இரண்டு கொப்பரைக்கு நடுவில் இறங்கி உட்கார்ந்தேன். என் காலுக்கிடையில் பெரிய அண்டா ஒன்று சூடாக வந்து நின்றது.

ஆதிகேசவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

“கொஞ்சம் பிடிச்சுக்குங்க மாப்ளே, சிந்திடப் போவுது.”

சாம்பாரைச் சொன்னான்.