இடது மூலையில் நாற்பத்தைந்து நிமிடம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் பேத்தியும் சௌக்கியம். நீயும் உன் வீட்டுக்காரியும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று எப்போதும் போல எழுதுகிறேன். ஆனால் இந்தத் தடவை உன் வீட்டுக்காரிக்கு முழு மனதோடும் உனக்கு அரை மனதோடும் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் கேட்டால் நீ "அக்கா, சிக்னல் சரியில்ல" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் என் கையெழுத்தை வங்கி மேனேஜரே எழுந்து நின்று பாராட்டியிருக்கிறார். ஆகவே எழுத்து புரியவில்லை என்ற சாக்கும் நடக்காது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேத்தி வீட்டில் இருந்தாள். கண் ஆஸ்பத்திரியில் எத்தனை பேருக்கு எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொல்கிறாள் தெரியுமா, பெரிய டாக்டரே இவள் எழுதிய நம்பரைத் திருத்துவதில்லை. அவள்தான், "பாட்டி, பழைய வீடியோ கேம் பத்தி இன்னொரு ஆவணப்படம் வந்திருக்கு, வாங்க" என்று கூப்பிட்டாள். இந்த மாதிரிப் படம் இதற்கு முன் மூன்று பார்த்திருக்கிறோம். எல்லாம் ஒரே அச்சு. கறுப்புத் துணிக்கு முன்னால் ஒரு வழுக்கைத் தலைக்காரர் உட்கார்ந்து "அந்தக் காலத்தில்" என்று ஆரம்பிப்பார், டிங் டிங் என்று சத்தம் வரும், மெஷினைக் கண்டுபிடித்தவர் வருவார், கடைசியில் யாராவது ஒருவர் அழுவார். அந்த மெஷின்களைத் துடைத்தவர்களைப் பற்றி ஒரு படத்திலாவது ஒரு வார்த்தை உண்டா? நாம் வேலை பார்த்த கேம் கடையில் நான் துடைத்தது முப்பது மெஷின், ஒவ்வொன்றிலும் நாளைக்கு நூறு பேர் விரல். கண்ணாடி தானாகவா பளபளத்தது? இதைப் பேத்தியிடம் மூன்று தடவையும் சொல்லியிருக்கிறேன், அவளும் மூன்று தடவையும் "ஆமா பாட்டி" என்று சொல்லியிருக்கிறாள்.

இந்தப் படம் நம் வண்டு ஆட்டத்தைப் பற்றியது. உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. கீழே ஒரு குட்டி பீரங்கி, மேலேயிருந்து வண்டுகள் வளைந்து வளைந்து இறங்கும், கைப்பிடியை ஆட்டி, பட்டனை அழுத்திச் சுட வேண்டும். பாதிப் படம் வரைக்கும் யார் வரைந்தார், யார் சத்தம் சேர்த்தார் என்றே போனது, எனக்குக் கண் சொக்கியது. அப்புறம் ஒரு பழைய போட்டோவைக் காட்டினார்கள். நம் முதலாளி எடுத்த போட்டோ. மெஷின் திரையில் ஒன்பது லட்சத்துச் சொச்சம் என்று ஸ்கோர், பக்கத்தில் பெயர் போடும் மூன்று கட்டத்தில் மூன்று ஏ. உலகத்தில் யாராலும் இதுவரை இதைத் தாண்ட முடியவில்லையாம், ஆடியது யார் என்றும் தெரியவில்லையாம். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஒரு பேராசிரியர் வந்தார். கணக்குப் போட்டுப் பார்த்தாராம். இந்த ஸ்கோர் வர ஒரே வழிதான், ஆட்டக்காரர் பீரங்கியை இடது மூலையில் கொண்டுபோய் நிறுத்தி, நாற்பத்தைந்து நிமிடம் அசையாமல், விரலை எடுக்காமல் சுட்டிருக்க வேண்டும், கடைசியில் மெஷினே தாங்காமல் ஆட்டத்தை முடித்துக்கொண்டது என்றார். "என்ன பொறுமை, என்ன அடக்கம், சொந்தப் பெயரைக்கூடப் போடாமல் முதல் எழுத்தை மூன்று முறை போட்டுவிட்டுப் போன துறவி" என்றார். பிறகு குடுமி போட்ட ஒரு சாம்பியன் வந்து, தான் பதினோரு வருடமாக முயன்றும் பன்னிரண்டாவது நிமிடத்தில் கை தானாக ஆடிவிடுகிறது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். போட்டோவின் ஓரத்தில் நீலமாக ஒன்று மங்கலாகத் தெரிகிறதல்லவா, அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, இது அந்த ஆட்டக்காரரின் சட்டைக் கை என்றார்கள்.

அப்புறம்தான் தம்பி, கறுப்புத் துணிக்கு முன்னால் நீ வந்து உட்கார்ந்தாய்.

என் கையிலிருந்த டீ டம்ளர் பாதி மடியில், பாதி தரையில். பேத்தி, "பாட்டி, இது நம்ம சின்னத் தாத்தா" என்கிறாள். தலைக்கு மை அடித்திருக்கிறாய், அது வேறு. நீ பேசுகிறாய்: "நான் அந்தக் கடையில மெஷின் ரிப்பேர் பாத்தவன். காலையில கடை திறக்கறதுக்கு முன்னாடி ஓட்டிப் பாப்பேன். அன்னைக்கு என்னமோ ஒரு வேகம். ஆமா, அந்த நீலச் சட்டை என்னோடதுதான்." அதோடு விட்டாயா? "மூணு ஏ எதுக்குன்னு கேக்கறீங்க. எங்கக்காவ நெனச்சுப் போட்டேன். அவதான் என்னைய வளத்தா." சொல்லிவிட்டு அழுகிறாய். குடுமிக்காரர் எழுந்து வந்து உன்னைக் கட்டிக்கொள்கிறார். பேத்தியும் அழுகிறாள். இந்த வீட்டில் அழாமல் உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான்.

இப்போது நேராகவே கேட்கிறேன். அன்றைக்குக் காலை நீ எங்கே இருந்தாய்? முன்பக்கத்தைத் திறந்து, சோதனைக்கு ஒரு ஆட்டத்தை விட்டுவிட்டு, பற்றவைக்கிற ஈயக்கம்பி தீர்ந்துபோனது என்று கடைத்தெருவுக்குப் போனவன், ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தாய். வரும்போது முதலாளி போட்டோ எடுத்து முடித்து, யார் ஆடியது என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். வேலைக்காரர்கள் மெஷினைத் தொட்டு ஆடினால் அன்றைக்கே சீட்டு கிழியும் என்பதால் நான் வாய் திறக்கவில்லை. நீ ஓரமாகக் கூப்பிட்டு, "அக்கா, இது நீயா?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? "வேற யாரு?" என்றேன். மறந்துவிட்டாயா? நாற்பது வருடமாக என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் "எங்கக்கா மாதிரி கை யாருக்கும் கெடையாது" என்று சொன்னவன், கேமராவைப் பார்த்ததும் அந்தக் கையைக் கழற்றி உன் தோளில் மாட்டிக்கொண்டாயே. உனக்கு ஏது நீலச் சட்டை? ரிப்பேர்க்காரர்களுக்குக் காக்கிதான் கொடுத்தார்கள். அந்த நீலம் என்னுடையது. அதை எந்த நீதிமன்றத்திலும் வந்து சொல்வேன்.

வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். ஆனால் பேத்தி, "சின்னத் தாத்தா எவ்ளோ பெரிய ஆளு பாட்டி, நீங்க சொல்லவே இல்லியே" என்று ஒரு மாதிரியாகப் பார்த்தாள். என்னவோ அவள் பாட்டி துடைப்பத்தோடு சும்மா பக்கத்தில் நின்றவள் என்பதுபோல. என்னால் பொறுக்க முடியவில்லை. "அது அவன் இல்லடி, நான்" என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை ஆஸ்பத்திரி பூராவும் பேசிவிட்டாள். பெரிய டாக்டர் என் கைவிரலைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். கண் சோதிக்க வந்த நோயாளிகள் எல்லாம் சீட்டின் பின்பக்கத்தில் என் கையெழுத்து வேண்டும் என்கிறார்களாம்.

இதற்கு மேல் ஒரு இடி. படத்தின் கடைசியில் எழுத்து ஓடியது. அந்த மெஷினையே யாரோ ஒரு கொட்டகையிலிருந்து கண்டெடுத்துவிட்டார்கள், வருகிற சனிக்கிழமை அதை உன் வீட்டுக் கூடத்துக்கே கொண்டுவந்து, கேமராவுக்கு முன்னால் நீ அந்தச் சாதனையைத் திரும்பச் செய்து காட்டப் போகிறாய் என்று. நான் உடனே உன் வீட்டுக்காரிக்குப் போன் போட்டேன். அவள் சொன்னது: "அண்ணி, மூணு நாளா தட்டு முன்னால உக்காந்து கரண்டிய இடமும் வலமும் ஆட்டிட்டே இருக்காரு. சாப்பாடு எறங்கல. தோள்பட்டை வேற பிடிச்சுக்கிச்சு. கேட்டா, அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதங்கறாரு."

வேண்டும் உனக்கு. உலகம் பூராவும் பார்க்க, பன்னிரண்டாவது நிமிடத்தில் அல்ல, ஒன்றாவது நிமிடத்திலேயே உன் பீரங்கியை வண்டு தின்னப் போகிறது. ஊரெல்லாம் பொய்யன் என்று சொல்லும். உன்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் நான், அதை என் கண்ணால் பார்க்க வேண்டுமா? ஆகவே இந்தக் கடிதம் கிடைத்ததும் படம் எடுக்கிறவர்களைக் கூப்பிட்டு, "சாதனை செஞ்சது எங்கக்கா" என்று நீயே சொல்லிவிடு. மரியாதையாகப் போகும். நாற்பத்தைந்து நிமிடம் அசையாமல் நின்றவளுக்கு இந்த ஒரு வரி வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

தோள்பட்டைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வயிறாரச் சாப்பிடு. இருவரும் நோய் நொடியில்லாமல், தலைக்கு மை அடிக்காமல் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உண்மையை மட்டுமே பேசும் உன் அக்கா

பின் குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், கை வரவில்லை. பேத்தி வேலைக்குப் போயிருக்கும்போது இதை எழுதுகிறேன், படித்ததும் கிழித்துவிடு. அன்றைக்கு நீ ஈயக்கம்பி வாங்கப் போனதும் எனக்கு டீ குடிக்கத் தோன்றியது. கையில் இருந்த ஈரத் துணியை அந்தக் கைப்பிடியில் தொங்கவிட்டேன், அது பாரத்தில் இடது பக்கம் சாய்ந்தது. பினாயில் பாட்டிலை எங்கே வைப்பது என்று பார்த்து, பட்டன் மேல் வைத்தேன். பின்கட்டில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஒன்பது லட்சம். பெயர்க் கட்டத்தில் முதலில் வந்து நிற்கும் ஏ-வைக்கூட அந்தப் பாட்டில்தான் மூன்று தடவை அழுத்திப் போட்டிருக்கிறது. துணியை இழுக்கும்போது முதலாளி ஸ்கோரைப் பார்த்துக் கேமராவோடு வந்துவிட்டார், நான் மெஷினைத் துடைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். நீலம் அதுதான். நீ வந்து "இது நீயா?" என்று கேட்டபோது உன் முகத்தில் அப்படி ஒரு பெருமை, இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நாற்பது வருடமாக வரவில்லை. இப்போது ஆஸ்பத்திரி வேறு சேர்ந்துவிட்டது. ஆகவே படக்காரர்களிடம் எதையும் சொல்லாதே. நான் வெள்ளிக்கிழமையே வந்துவிடுகிறேன். அந்தத் துணியைப் பெட்டியில் எடுத்து வைத்துவிட்டேன். இப்போதெல்லாம் பினாயில் பிளாஸ்டிக் பாட்டிலில் வருகிறது, கனம் போதாது, அதனால் மணல் நிரப்பியிருக்கிறேன். சனிக்கிழமை ஆட்டம் ஆரம்பித்ததும், பக்கத்தில் ஆள் இருந்தால் கை ஓடாது, கேமரா திரையைப் பார்த்தபடி தானாக ஓடட்டும், அக்கா மட்டும் இருக்கட்டும் என்று சொல்லிவிடு. எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுப்பது உன் வீட்டுக்காரி வேலை. ஆளுக்கு இரண்டு டீ. மெதுவாகக் குடிக்கச் சொல்.