உடும்பு மனம் புண்பட்ட கதை

ஒரு காட்டில் ஒரு பாறை இருந்தது. வெறும் பாறை என்று சொல்லிவிடக் கூடாது. காட்டில் பாதிப் பேருக்கு அதுதான் சாமி. பக்கத்திலேயே ஒரு ஓடை ஓடியது. மீதிப் பாதிப் பேருக்கு அது சாமி. பாறைக்காரர்கள் தாகம் எடுத்தால் ஓடையில் குடித்தார்கள். ஓடைக்காரர்கள் குளித்து முடித்துப் பாறையில் ஈரம் உலர்த்தினார்கள். அடுத்தவர் சாமியைப் பற்றி யோசிக்க ஒருவருக்கும் நேரமில்லை. அவரவர் வயிற்றுப்பாடே சரியாக இருந்தது.

பிறகு காட்டுக்கு டவர் வந்தது. ஆளுக்கொரு செல்போன் வந்தது. செல்போனில் 'காட்டுச்சுவர்' என்று ஒன்று வந்தது; அதில் யாரும் எதையும் எழுதலாம், எழுதியதை எல்லோரும் பார்க்கலாம். ஒரே மாதத்தில், தங்களுக்கு மனம் என்று ஒன்று இருப்பதும் அது புண்படக்கூடியது என்பதும் எல்லா விலங்குகளுக்கும் தெரிந்துவிட்டது.

சிங்க ராஜா சும்மா இருப்பாரா? மனப்புண் தடுப்புச் சட்டம் என்று ஒன்று போட்டார். முதல் பிரிவு: காட்டில் யாரும் எதையும் பேசலாம். அது ஒரே வரி. இரண்டாம் பிரிவு 'ஆனால்' என்று தொடங்கிப் பதினாலு பக்கம் போயிற்று. சுருக்கமாகச் சொன்னால், யாருக்காவது மனம் புண்பட்டால் பேசியவர் உள்ளே போக வேண்டும். புண்பட்டதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? புண்பட்டவரே சொல்வார்.

அந்தப் பாறையின் அடியில் செங்கமலம் என்ற உடும்பு குடியிருந்தாள். பரம்பரைப் பாறைக்காரி. காலையில் பாறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் இரை தேடப் போவாள். அந்த வருஷம் பாறையின் விரிசலுக்குள் ஆறு முட்டை இட்டிருந்தாள். போன வருஷம் இட்டதெல்லாம் பாம்பின் வயிற்றுக்குள் போய்விட்டது. அதனால் இந்த ஆறின் மேல் உயிரையே வைத்திருந்தாள்.

விரிசல் மழைக்கு மழை அகன்றுகொண்டே வந்தது. முதலில் அவள் வால் நுழைந்த இடத்தில் இப்போது உடம்பே நுழைந்தது. வருகிற பௌர்ணமிக்கு, வழக்கம்போல, மூன்று யானைகள் பாறை உச்சியில் ஏறி மூன்று சுற்றுச் சுற்றும். அதுதான் பாறைக்காரர்களின் திருவிழா. மூன்று யானைக் கனத்தை இந்த வருஷம் பாறை தாங்காது. நகத்தால் பாறையைப் பிடித்தே பிழைக்கிறவளுக்கு அது தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? விரிசலைப் படம் பிடித்துக் காட்டுச்சுவரில் போட்டாள். கூடவே எழுதினாள்:

"நம் சாமிப் பாறையில் விரிசல் விட்டிருக்கிறது. இந்த வருஷம் யானைகள் மேலே ஏற வேண்டாம். அடியில் என் முட்டைகள் ஆறு இருக்கின்றன."

போட்டுவிட்டு, சார்ஜ் இறங்குகிறதே என்று போனை அணைத்து வைத்தாள். அதற்குள் மூன்று பேர் அதைப் பார்த்திருந்தார்கள்.

மூன்றாவதாகப் பார்த்தவனால்தான் வினை. அவன் பெயர் கழுதைப்புலி சிங்காரம். காட்டில் மொத்தமே அறுநூறு விலங்குகள். சிங்காரத்தைப் பின்தொடர்பவர்கள் நாற்பதாயிரம். தினமும் பல் விளக்குவதற்கு முன்னால், ஓடைக்காரர்களை ஓடையிலேயே முக்க வேண்டும் என்று ஒரு பதிவு போடுவது அவன் வழக்கம். அவன் மேல் புகார் உண்டா என்றால், இல்லை. புகாரில் கொடுப்பவரின் முகவரியை எழுத வேண்டும், அதன் நகலை எதிராளிக்குக் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இருந்தது. கழுதைப்புலிக்கு முகவரி கொடுக்கும் அளவுக்கு யாருக்கும் மனம் புண்படவில்லை.

சிங்காரம் செங்கமலத்தின் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மேலே ஒரு வரி சேர்த்து விட்டான். "நம் சாமி உடைந்துவிட்டதாம். இது ஓடைக்காரர்கள் சொல்லிக் கொடுத்த பாடம்தானே?"

பொழுது விடிந்ததும் முயல் பூபாலன் ஸ்டேஷனுக்கு ஓடினான். அங்கே இன்ஸ்பெக்டர் காட்டெருமை அசை போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னப்பா?"

"மனசு புண்பட்டுப் போச்சுங்க ஐயா. உடும்பு போட்ட பதிவால."

"பதிவைப் படிச்சியா?"

"இல்லீங்க. படிச்சா இன்னும் புண்படும்னு படிக்கல."

இன்ஸ்பெக்டருக்கு அது பொறுப்பான பதிலாகப் பட்டது. புகாரை எடுத்துக்கொண்டார்.

அந்த ஸ்டேஷனில் ஒரு நடைமுறை உண்டு. காட்டில் பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. குற்றம் என்னவென்று அவர்களுக்கும் தெரிய வேண்டாமா? ஆகவே புண்படுத்திய வாசகத்தைச் சந்தையில் தண்டோரா போட்டு மூன்று முறை உரக்க வாசிக்க வேண்டும். ரைட்டர் குரங்கு முனிரத்தினம் வாசித்தார். ஒவ்வொரு முறையும் வாசித்து முடித்து, "யார் யாருக்குப் புண்பட்டுச்சோ கையைத் தூக்குங்க" என்று எண்ணிக்கொண்டார். மூன்று பேர் பார்த்த பதிவுக்கு நானூற்றுப் பன்னிரண்டு பேர் புண்பட்டார்கள். அதில் பாதி ஓடைக்காரர்கள். ஓடையைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதாமல் விட்டது திட்டமிட்ட புறக்கணிப்பு என்று அவர்கள் தனியாக ஒரு மனு கொடுத்தார்கள்.

செங்கமலத்தைப் பிடிக்க நான்கு காவலர்கள் போனார்கள். உடும்புப்பிடி என்பது சும்மா இல்லை. பாறையிலிருந்து அவளைப் பிய்த்தெடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. போனையும் பறிமுதல் செய்து, சீல் வைத்து, பீரோவில் பூட்டினார்கள்.

"ஐயா, சாமி மேல எனக்கு இல்லாத பக்தியா?" என்றாள் செங்கமலம். "முட்டை நசுங்கிடுமேன்னு ஒரு வார்த்தை சொன்னேன். அதுக்குக்கூட எனக்குப் பேச்சுரிமை கிடையாதா?"

"யாரும்மா இல்லேன்னு சொன்னது?" இன்ஸ்பெக்டருக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது. "உன் பேச்சுரிமை வெளியில பத்திரமா இருக்கு. அதை ஒருத்தரும் தொடமாட்டாங்க. உன்னை மட்டும்தான் உள்ளே வைக்கிறோம்."

மறுநாள் அவளை நீதிபதி ஆமையின் முன்னால் நிறுத்தினார்கள். ஆமை நிதானமானவர். கேள்வி கேட்டுவிட்டு ஓட்டுக்குள் போவார். பதில் வந்ததும் வெளியே வருவார்.

"இந்தப் பதிவுக்கு முன்னால் பாறையில் யாராவது விரிசலைப் பார்த்ததுண்டா?"

"இல்லை" என்றார்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேரும்.

"பதிவுக்குப் பின்னால்?"

"பார்த்தோம். பெரிய விரிசல்."

ஆமை நெடுநேரம் யோசித்தார். "அப்படியானால் விரிசல் பதிவினால்தான் விழுந்திருக்கிறது."

செங்கமலம் பதறிப்போனாள். "ஐயா, மூணு மழைக்காலமா நான் அந்த விரிசல்லதான் குடியிருக்கேன்."

"எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் ஆமை. "சாமிக்குள்ளேயே அத்துமீறிக் குடியிருந்ததை ஒப்புக்கொள்கிறாள். இதற்குத் தனி வழக்கு."

அதற்கு அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மூன்றாவது வழக்குக்கு ரைட்டர் தாள் எடுப்பதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். பதினைந்து நாள் காவல் என்று உத்தரவாயிற்று. பௌர்ணமிக்கு இரண்டே நாள் இருந்தது.

அன்று மத்தியானம் ரைட்டர் முனிரத்தினம் லாக்கப்புக்கு வெளியே உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார். செங்கமலம் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டாள். தான் பதினைந்து நாள் என்ன, பதினைந்து வருஷம் கூட இருப்பேன், அந்த முட்டைகளை மட்டும் யாராவது எடுத்து வேறு இடத்தில் வையுங்கள் என்று கெஞ்சினாள்.

"அதெல்லாம் சாட்சியப் பொருள் தாயி, தொடக்கூடாது" என்றார் ரைட்டர். பிறகு அவருக்கே மனசு கேட்கவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இருபது வருஷமா இந்த ஸ்டேஷன்ல இருக்கேன். இந்தச் சட்டம் வந்த நாள்லேருந்து பேசினவன் ஒருத்தனும் இங்கேருந்து வெளிய போனதில்ல. புண்பட்டவன் ஒருத்தனும் உள்ள வந்ததில்ல. நான் ஒண்ணும் சொல்லல."

செங்கமலம் ஒரு நாழிகை அசையாமல் இருந்தாள். உடும்பு யோசிப்பது வெளியே தெரியாது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணே, ஒரு தாள் குடுங்க. எனக்கு மனசு புண்பட்டுப் போச்சு."

"யாரால?"

"யானைகளால. நாளன்னிக்கு எங்க சாமி தலையில காலை வைக்கப் போறாங்க. ஒரு கால் இல்ல, மூணு பேருக்குமா பன்னிரண்டு கால். நெனைச்சாலே நெஞ்சு கொதிக்குது."

ரைட்டர் சுளையைக் கீழே வைத்தார். இத்தனை வருஷத்தில் யானைகள் சாமி கும்பிடுவதை அந்தக் கோணத்தில் யாரும் பார்த்ததில்லை. முகவரி என்ற இடத்தில் 'லாக்கப்' என்று எழுதி, தண்டோராவை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனார். முதல் வாசிப்பிலேயே ஐந்நூறு பேர் புண்பட்டார்கள். சாமி தலையில் கால் என்றதும் முயல் பூபாலன் மயங்கி விழுந்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. புண்பட்டவரை லாக்கப்பில் வைப்பது இரண்டாம் பிரிவு, பதினோராம் பக்கத்தின்படி குற்றம் என்பதால் செங்கமலத்தை அன்று மாலையே விட்டுவிட்டார்கள். சிங்காரம் 'உடும்பு அக்காவின் கண்ணீருக்கு யார் பதில்?' என்று எழுதினான். பாறை இருக்கும் திசையில் யானைகள் தும்பிக்கையைக்கூட நீட்டக் கூடாது என்று ஆமை தடை விதித்தார். விரிசல் யானைகளின் காலால் விழுந்ததே என்றும் தீர்ப்பைத் திருத்தினார். இதற்கெல்லாம் சேர்த்து அவருக்கு ஒரு மணி நேரம்தான் பிடித்தது. ஆமைக்கு அது பெரிய வேகம்.

யானைகளை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மூத்தவள் வெள்ளையம்மா முன்னால் வந்து நின்றாள்.

"சாமி, நான் அன்னிக்கே அந்தப் பொண்ணுக்கு..." என்று தொடங்கினாள்.

"பேச வேண்டாம் அம்மா" என்றார் ஆமை. உள்ளபடியே நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். "பேசினால் வழக்கில் இன்னும் ஒரு பிரிவு கூடும்."

வெள்ளையம்மா திரும்பி நடந்தாள். பௌர்ணமியன்று காலையில் மூன்று யானைகளும் கிழக்குக் கணவாய் வழியாகக் காட்டை விட்டுப் போயின. இரண்டு பக்கமும் நின்று கல்லெறிந்தார்கள். பாறைக்காரர்களும் ஓடைக்காரர்களும் தோளோடு தோள் நின்று எறிந்தார்கள். டவர் வந்த பிறகு அவர்கள் அப்படி ஒற்றுமையாக இருந்தது அன்றைக்குத்தான். ராஜா அதைப் படமெடுத்து மத நல்லிணக்க நாள் என்று அறிவித்தார்.

செங்கமலம் கல்லெறியப் போகவில்லை. முட்டைகளின் மேல் படுத்துக்கொண்டு, பாவம் யானைகள் என்று நினைத்தாள். மூணு பேர் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார்கள், ஆறு முட்டை எங்கே போகும் என்றும் நினைத்தாள். அப்படி நினைத்தால் தூக்கம் வந்தது.

எட்டாம் நாள் ஆறு குஞ்சும் பொரித்தன. ஒன்றுகூடச் சேதமில்லை. பத்தாம் நாள் ரைட்டர் முனிரத்தினம் சீல் பிரித்துப் போனைத் திருப்பிக் கொடுத்தார். குஞ்சுகளைப் படம் பிடிக்கலாம் என்று அதைத் திறந்தாள். காட்டுச்சுவரில் அவளுடைய பழைய பதிவு அப்படியே இருந்தது. அதன் கீழே ஒரே ஒரு பதில். அவள் எழுதிய மறுநாள் விடியற்காலை நாலே முக்காலுக்கு வந்தது. முயல் ஸ்டேஷனுக்கு ஓடுவதற்கு முன்னால். தும்பிக்கையால் தட்டியதில் எழுத்து முன்பின்னாகக் கிடந்தாலும் படிக்க முடிந்தது.

"சரி தாயி. சொன்னதுக்கு ரொம்ப நன்றி. இந்த வருஷம் நாங்க கீழ நின்னே கும்பிட்டுக்கறோம். முட்டை பத்திரம். வெள்ளையம்மா."

செங்கமலம் அதை இரண்டு முறை படித்தாள். குஞ்சுகள் முதுகில் ஏறி விளையாடியது கூடத் தெரியவில்லை. வெட்கத்தில் அவளுக்கு அழுகை வந்தது. யானைகள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எழுதத் தொடங்கினாள். மூன்று வார்த்தை எழுதியதும், இதனால் யார் யாருக்குப் புண்படும் என்று யோசித்தாள். ஐந்நூறு பேர் தேறினார்கள். முதுகில் இருந்த ஆறு பேரையும் எண்ணிப் பார்த்தாள்.

எழுதியதை அழித்தாள். வெள்ளையம்மாவின் பதிலையும் அழித்தாள். பாறையைச் சூரிய உதயத்தில் ஒரு படம் எடுத்து, 'இனிய காலை வணக்கம்' என்று போட்டாள். முதல் லைக் சிங்காரத்துடையது.

நீதி: பேசத் தெரிந்த மிருகம் உள்ளே போகும், புண்படத் தெரிந்த மிருகம் பிள்ளைகுட்டியோடு பிழைக்கும்.