தாய் யாரென்று தெரியாத மாடு

கன்று ஈன்ற பசுக்களுக்கு வரும் கருப்பை நோய் பரம்பரையானது என்று 2003-ஆம் ஆண்டு டெல்லியில் ஓர் அரசு அலுவலகம் தீர விசாரித்துத் தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்துக்கு ஸ்டேப்ளர் அடித்தவன் நான். ஆகவே நடந்ததில் எனக்கும் பங்குண்டு.

விஞ்ஞானிகள் சொன்னது வேறு. நூற்றில் ஐந்து பங்குதான் பரம்பரை, மீதியெல்லாம் அழுக்குத் தரை, அழுக்குக் கை, தாமதமான வைத்தியம் என்றார்கள். எங்கள் இயக்குநர் கஸ்தூரிரங்கன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தரை வேற டிபார்ட்மென்ட். கை சுகாதாரத் துறை. தாமதம் எல்லாத் துறைக்கும் பொது. நம்ம பங்கு அந்த அஞ்சுதான். அதை விடக் கூடாது."

விடவில்லை. அந்த வருஷம் ஊரே ஜீன் பைத்தியம் பிடித்து அலைந்தது. எங்கள் மோதி பாக் குவார்ட்டர்ஸில் பையன் கணக்கில் கோட்டை விட்டால் அது அம்மா வழி ஜீன். பாஸாகிவிட்டால் அப்பா வழி.

குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஜுக்கிக் குடிசையில் இருந்தாள் முத்தம்மா, விழுப்புரம் பக்கத்துக்காரி. ஒரே மாடு. எங்கள் பன்னிரண்டு வீடுகளுக்கு அதன் பால்தான். அவள் வீட்டு அடுப்பு எரிந்ததும் அதனால்தான். கன்று போட்ட பத்தாம் நாள் மாடு படுத்துவிட்டது. எங்களிடம் இலவச ஊசி இருப்பதாக யாரோ சொல்ல, அலறியடித்துக்கொண்டு வந்தாள்.

"சார், நஞ்சுக்கொடி முழுசா விழல. நாத்தம் தாங்கல, தீனி எடுக்கல. ஒரு ஊசி போட்டாப் பொழச்சுக்கும்."

"இதோட தாய்க்கு இந்த நோய் இருந்ததா?" என்று கேட்டார் கஸ்தூரிரங்கன்.

"ஆமாங்க. ரெண்டு ஈத்துல இப்படித்தான் ஆச்சு."

"அடடா, உண்மையைச் சொல்லிட்டியேம்மா! தாய்க்கு இருந்தா இது பரம்பரை. பரம்பரையை ஊசி என்ன பண்ணும்?"

"அப்ப தாய்க்கு இல்லேன்னா?"

"இல்லேன்னா இதுக்கு நோயே வராது. வராத நோய்க்கு ஊசி எதுக்கு?"

"பின்ன யாருக்குத்தான் சார் அந்த ஊசி?"

"தாய் யாருன்னே தெரியாத மாட்டுக்கு. அதுமேல எந்தக் குற்றமும் நிரூபணம் ஆகலை பாரு. அப்பழுக்கில்லாத பரம்பரை."

"அப்ப எனக்கும் தெரியாதுங்க!"

"எழுதியாச்சே" என்றேன் நான். மை காயவில்லை. ஆனாலும் பதிவு பதிவுதான்.

அவள் காதில் கிடந்ததை விற்று, தனியார் மாட்டு டாக்டர் ஒருவரைக் கூட்டி வந்தாள். ஐந்தே நாளில் மாடு எழுந்து வைக்கோலைக் காலி செய்தது. இரண்டு வாரம் கழித்து நாங்கள் மூன்று பேர் ஜீப்பில் ஆய்வுக்குப் போனபோது, அது கஸ்தூரிரங்கனின் சட்டைப்பையிலிருந்த சர்க்குலரையும் இழுத்துத் தின்றது.

"குணமாயிடுத்தா?" என்று அவர் திகைத்தார். "அதுக்கு அனுமதி இல்லையே!"

விதிப்படி கொட்டகையில் ஒரு பலகை அடித்தோம்: 'பரம்பரை நோயுள்ள பசு'. மறுநாள் பன்னிரண்டு வீட்டிலும் பால் நின்றது. முதலில் நிறுத்தியவள் என் மனைவி மேகலா.

"நம்ம பையனுக்கு வந்துட்டா?"

"அவனுக்குக் கருப்பையே கிடையாதேடி."

"ஜீனுக்கு அதெல்லாம் தெரியுமாங்க?"

மடி நிறையப் பாலோடு மாடு கத்தியது. வாங்க ஆளில்லை. நாலாம் நாள் முத்தம்மா மாட்டை அலுவலக வாசலுக்கே ஓட்டி வந்துவிட்டாள்.

"புது மாடு சார். ஆத்தா யாருன்னு தெரியாது."

அதே நெற்றி வெள்ளை, அதே உடைந்த கொம்பு. மாடு கஸ்தூரிரங்கனைப் பார்த்ததும் பழகிய உரிமையோடு அவர் சட்டைப்பைக்கு முகத்தை நீட்டியது. அவர் கறாராக ஓரடி பின்வாங்கினார்.

"தெரியாதுன்னு எழுதிக் கொடுப்பியா?"

"அச்சா சார். கைநாட்டே வைக்கறேன்."

'அப்பழுக்கற்ற பரம்பரை' என்று சான்றிதழ் கொடுத்தோம். திடமாக நின்ற மாட்டுக்கு இலவச ஊசியும் போட்டோம். வேண்டாம் என்று அவள் கெஞ்சியும் விடவில்லை, உரிமை உரிமைதானே. மறுநாள் விடியற்காலையில் அவள் கொட்டகை வாசலில் வரிசை நின்றது. பழைய மாட்டுப் பாலைவிட இது கெட்டி என்றாள் மேகலா. நானும் ஆமாம் என்றேன்.

அடுத்த மாதம் எங்கள் மகள் இளவரசியைப் பெண் பார்க்க டெல்லி துவாரகாவிலிருந்து வந்தார்கள். பையனின் அப்பா தொண்டையைச் செருமினார்.

"தப்பா நினைக்காதீங்க. இப்ப எல்லாரும் கேக்கறாங்க. உங்க குடும்பத்துல யாருக்காவது சுகர் உண்டா?"

"தெரியாதுங்க" என்றேன். "நாங்க யாரும் இதுவரைக்கும் ரத்தம் டெஸ்ட் பண்ணினதே இல்லை."

அவர் முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்லதாப் போச்சு. எங்க வீட்லயும் பண்ணினதில்லை."

சம்பந்தம் முடிவாயிற்று. மேகலா எல்லோருக்கும் காபி எடுத்து வந்தாள். சம்பந்தி சொல்லியனுப்பியபடி அவருக்கும், வழக்கம்போல எனக்கும் மட்டும் சர்க்கரை போடாதது.