முன்வரிசையில் தூங்கியவர் எழுதுவது

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, தங்கள் பத்திரிகையின் மெஷின் அறையில் முப்பத்தாறு வருடம் உழைத்து, பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரு சுவர்க்கடிகாரத்தைப் பரிசாகப் பெற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்தவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நலம். தங்கள் நலமும், குடும்பத்தார் நலமும், அலுவலக லிப்டின் நலமும் அறிய ஆவல். லிப்ட் இன்னும் இரண்டாவது மாடியில் நின்று சற்று யோசித்துவிட்டுத்தான் மேலே போகிறதா? நான் இருந்த காலத்தில் தாங்கள் அதில் இரண்டு முறை மாட்டிக்கொண்டீர்கள். இரண்டு முறையும் கதவை நெம்பித் திறந்தவன் நான்தான். சொல்லிக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. முகம் நினைவுக்கு வரட்டுமே என்றுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை மாலைப் பதிப்பு, ஏழாம் பக்கத்தில், தங்கள் இசை விமர்சகர் 'பல்வலி' என்ற புதிய ராக் இசைக்குழுவின் முதல் கச்சேரியைப் பற்றி எழுதியிருந்தார். தலைப்பு, 'கலகம் கேட்டோம், தாலாட்டு கிடைத்தது'. அதில் ஐந்தாவது பத்தியை அப்படியே தருகிறேன்: "ஊரையே உலுக்கப்போவதாக நோட்டீஸ் அடித்த இந்த மூவரின் ஆவேசத்தில், முன்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு பெரியவர் முதல் பாட்டு முடிவதற்குள் தூங்கிப்போனார். மூன்றாவது பாட்டின் நடுவே திடுக்கிட்டு எழுந்து, வாசிப்பதை நிறுத்தச் சொல்லிக் கூச்சலிட்டார். அந்த மாலையின் மிகச் சிறந்த விமர்சனம் அதுதான். எனக்கு எழுத ஒன்றும் மிச்சமில்லை." ஒன்றும் மிச்சமில்லை என்று சொல்லிவிட்டு அதற்கப்புறம் நாலு பத்தி எழுதியிருக்கிறார், அது வேறு.

ஐயா, அந்தப் பெரியவர் நான். அந்தக் குழுவில் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிறவள் என் ஒரே மகள்.

அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. இன்றோடு ஒன்பது நாள். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கதவைப் படாரென்று சாத்தினாலாவது பரவாயில்லை. மிகவும் மரியாதையாக இருக்கிறாள், அதுதான் தாங்க முடியவில்லை. ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, "அம்மா, அவருக்குத் தண்ணி வேணுமான்னு கேளு" என்கிறாள். என் மனைவி என் பக்கம் திரும்பி, "தண்ணி வேணுமா?" என்கிறாள். நான் வேண்டாம் என்று தலையாட்டுகிறேன். "வேண்டாமாம்" என்கிறாள் என் மனைவி. அப்பா என்ற சொல் எங்கள் வீட்டில் ஒன்பது நாளாகக் காதில் விழவில்லை. முப்பத்தாறு வருட மெஷின் சத்தத்தில் பாதி காது போய்விட்டதால்தான் கேட்கவில்லையோ என்றுகூடச் சந்தேகப்பட்டு மனைவியிடம் விசாரித்துப் பார்த்தேன். "இல்லை, அவ சொல்லத்தான் இல்லை" என்றாள்.

நான் ஏன் தூங்கினேன் என்பதைத் தங்களுக்கு விளக்கியாக வேண்டும். தாங்கள் மூன்றாவது மாடியில் இருப்பவர், கீழே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. தெரியாமல் நாங்களும் பார்த்துக்கொண்டோம். மெஷின் அறையில் ஒரு வழக்கம் உண்டு. பதிப்பு ஓடத் தொடங்கியதும் ஒருவர் பார்த்துக்கொள்ள, மற்றொருவர் காகித உருளைகளுக்கு நடுவே இருபது நிமிடம் கண் அசருவார். அந்தச் சத்தத்திலா என்று கேட்பீர்கள். அந்தச் சத்தத்தில்தான் ஐயா. மெஷின் ஒழுங்காக ஓடுகிறது என்று உடம்புக்குத் தெரிந்தால் தூக்கம் தானாக வரும். ஒரு தடவை வேறெங்கிருந்தோ பழைய மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டார்களே, அது இருந்த ஆறு மாதமும் எங்களில் ஒருவர்கூடத் தூங்கவில்லை. அதன் சத்தத்தில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. ஓடுகிற மெஷின் சட்டென்று நின்றால் காகிதம் அறுந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது யாராவது அவசரப்பட்டு அறுந்ததை எடுக்க மெஷின் உருளைக்குள் கையை விட்டுவிடுவார்கள். மெஷின் மறுபடி சுற்றினால் விரல் போய்விடும். ஆகவே தூங்குகிறவன் கண்ணைத் திறப்பதற்கு முன் வாயைத் திறந்து "கையை எடு! கையை எடு!" என்று கத்த வேண்டும். அதுதான் எங்கள் சட்டம். அந்தச் சட்டத்தால் இன்றைக்கும் பத்து விரலோடு இருப்பவர்கள் எனக்குத் தெரிந்து மூன்று பேர்.

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தேன். எங்கள் வீடு மிகவும் அமைதியான வீடு. அமைதி என்றால் பக்கத்து அறையில் என் மனைவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைப்பது பாதி காது போன எனக்கே கேட்கும். எனக்குத் தூக்கம் அறவே போய்விட்டது. மருத்துவர் மாத்திரை கொடுத்தார், நடக்கச் சொன்னார், கடைசியில் நல்ல இசை கேட்கச் சொன்னார். புல்லாங்குழல் கேட்டேன், இருந்த கொட்டாவியும் நின்றுபோனது. என் மனைவி பரிதாபப்பட்டு வெறும் மிக்சியை ஓட்டினாள். பத்து நிமிடம் சொர்க்கம், அப்புறம் மோட்டார் கருகிவிட்டது. துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் தலை சாய்த்துப் பார்த்தேன். துணி பிழியும் கட்டத்தில் நன்றாகத் தூங்கினேன், ஆனால் அது பிழிந்து முடித்துச் சட்டென்று நின்றதும் "கையை எடு!" என்று நான் போட்ட கூச்சலில் குளியலறையில் இருந்த என் மனைவி வாளியைக் காலில் போட்டுக்கொண்டாள். அன்றோடு அதற்கும் தடை.

இந்த நிலைமையில்தான் மகளுடைய கச்சேரி வந்தது. அவள் பகலில் பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறாள். தாளக்கருவிகளை அடிக்கும் பையனுக்கு லிப்ட் பழுது பார்க்கும் வேலை, அவனை 'இடி' என்பார்கள். தடித்த தந்தி போட்ட கிட்டாரை வாசிக்கும் பெண் மூக்குக் கண்ணாடிக் கடையில் இருக்கிறாள். "வாங்கப்பா, ஆனா பின்னாடி உட்காருங்க" என்றுதான் மகள் சொன்னாள். பெற்றவன் பின்னால் உட்காருவானா? ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நாலு மணிக்கு, ஓடு அடுக்கி வைக்கும் பழைய கிடங்கில், ஆளுயர ஒலிபெருக்கிக்கு இரண்டு முழம் தள்ளி நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். நாற்பது பேர் இருப்பார்கள், என்னைத் தவிர யாருமே உட்காரவில்லை. எல்லோருடைய சட்டையும் கிழிந்திருந்தது. எனக்கு மட்டும் இஸ்திரி போட்ட சட்டை.

முதல் பாட்டு ஆரம்பித்தது. ஐயா, அதை எப்படிச் சொல்வது! நாற்காலியின் கால் வழியாக முதலில் குதிகாலுக்கு வந்தது, பிறகு முழங்கால், பிறகு விலா. பதினான்கு மாதமாக என் உடம்பில் எங்கோ நின்றுபோயிருந்த ஏதோ ஒன்று மறுபடியும் ஓடத் தொடங்கியது. தகரக் கூரை அதிர்ந்து, அதிலிருந்து தூசி மெல்ல மெல்ல வெயிலில் இறங்கிக்கொண்டிருந்தது. என் மகள் வாயைத் திறந்து என்னவோ கத்துகிறாள், வார்த்தை ஒன்றும் புரியவில்லை. அந்தத் தூசியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவுதான் தெரியும்.

கனவில் நம் மெஷின் ஓடுகிறது. ஆனால் காகிதத்தில் எழுத்தே விழவில்லை. வெள்ளையாக, அடித்துக் கொட்டிய சூட்டோடு, அறையை நிறைத்து, கதவைத் தாண்டி, படியிறங்கித் தெருவுக்குப் போகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் நடக்கிறேன். காலுக்கு வெதுவெதுப்பாக இருக்கிறது. தெரு முழுக்க வெள்ளை. கடைக்காரர்கள் கடையை விட்டு இறங்கி அதில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார்கள், படிக்க ஒன்றுமில்லாததால் எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. தாங்களும் படுத்திருந்தீர்கள் ஐயா, கண்ணாடியை மார்பில் வைத்துக்கொண்டு. தெருக்கோடியில் ஓர் உருளையின் மேல் என் மகள் உட்கார்ந்திருக்கிறாள், ஆறு வயது, காலை ஆட்டிக்கொண்டு. "இன்னும் எவ்ளோ தூரம்பா போகும்?" என்கிறாள். "தெரியலைம்மா, நிக்கிற வரைக்கும்" என்கிறேன். நின்றுவிடக்கூடாதே என்று மட்டும் மனது அடித்துக்கொள்கிறது.

நின்றுவிட்டது. பிறகுதான் தெரிந்தது, மூன்றாவது பாட்டின் நடுவில் மூவரும் ஒரே கணத்தில் கப்சிப்பென்று நிறுத்தி, நாலு எண்ணும் நேரம் சும்மா இருந்துவிட்டு, மறுபடி பாய வேண்டுமாம். அந்த ஓர் இடத்துக்காக மூன்று மாதம் பழகியிருக்கிறார்கள். நான் வழக்கப்படி கண்ணைத் திறப்பதற்கு முன் எழுந்து நின்று, தொண்டை கிழிய "கையை எடு! கையை எடு!" என்று கத்தினேன். என் மகள் கிட்டாரிலிருந்து கையை எடுத்துவிட்டாள். கண்ணாடிக்கடைப் பெண்ணும் எடுத்துவிட்டாள். லிப்ட் வேலை பார்க்கிற 'இடி' இந்த மாதிரிக் குரலுக்குப் பழக்கப்பட்டவன், இரண்டு குச்சியையும் கீழே போட்டுவிட்டுப் பின்வாங்கிச் சுவரோடு நின்றுவிட்டான். கூட்டத்தில் சில பேர் கையைத் தலைக்கு மேல் தூக்கியே விட்டார்கள். தங்கள் விமர்சகர் மட்டும் கையை எடுக்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தார்.

இதுதான் நடந்தது. வாசிப்பதை நிறுத்தச் சொல்லி நான் கூச்சலிடவில்லை. அவர்கள் விரலைக் காப்பாற்றினேன். தூங்கியது அலட்சியத்தாலும் அல்ல. அந்தச் சத்தத்தில் எனக்கு நம்பிக்கை வந்தது, ஆகவே தூங்கினேன். ஓட்டை மெஷினில் தூக்கம் வராது என்று மேலே எழுதியிருக்கிறேன், தயவுசெய்து திரும்பப் படிக்கவும். ஆகவே என் மகளின் குழு முதல் தரமான குழு. தாளம் ஆளுக்கொரு திசையில் ஓடுவதாகவும், குரல் கரகரப்பதாகவும் எழுதிய விமர்சகர், நின்றுகொண்டே கேட்டதால் ஏமாந்துவிட்டார். அடுத்த இதழில் கீழ்க்கண்ட மறுப்பை வெளியிட வேண்டுகிறேன்: "முன்வரிசையில் தூங்கியதாகக் குறிப்பிடப்பட்டவர், ரசித்தே தூங்கினார் என்று தெரிய வருகிறது. தவறுக்கு வருந்துகிறோம்." பெரிய எழுத்தில் வேண்டாம், அவள் கண்ணில் படுகிற எழுத்தில் போட்டால் போதும்.

இதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "போடச் சொல்லுங்க, போன மானத்துல மிச்சம் மீதியும் போகட்டும்" என்றாள். அவள் அப்படித்தான் பேசுவாள். எனக்கு மானம் முக்கியமில்லை ஐயா. வருகிற ஞாயிறு அதே கிடங்கில் இரண்டாவது கச்சேரி, "அவர் வர வேண்டாம்னு சொல்லும்மா" என்று தாக்கீது வந்திருக்கிறது. தூக்கம் போனதை ஒரு மாதிரி பொறுத்துக்கொள்வேன். பெற்ற பெண் என்னை ஒரு மூன்றாம் மனிதரைப் போல 'அவர்' என்பதைப் பொறுக்க முடியவில்லை.

தங்கள் பத்திரிகை ஒரு நாளும் அறுபடாமல் ஓடட்டும். மூன்றாவது மாடியில் இருப்பவர்களும் அவ்வப்போது கண் அசர நேரம் வாய்க்கட்டும். வாயில் காவலருக்கும், கீழே இன்னும் மெஷினோடு இருக்கும் என் தம்பிமார்களுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
என்றும் தங்கள் விசுவாசமுள்ள,
ஓய்வுபெற்ற மெஷின்காரன்.

பி.கு.: ஐயா, மேலே எழுதியதில் ஒரு வரியும் வெளியிட வேண்டாம். கடிதத்தை வியாழக்கிழமை எழுதி மேஜையில் வைத்திருந்தேன், அனுப்புவதற்குள் மகள் படித்துவிட்டாள். படித்துவிட்டு என் அறை வாசலில் வந்து நின்று, "நான் ஆறு வயசுல கால் ஆட்டிக்கிட்டா உட்கார்ந்திருந்தேன்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "இந்த ஞாயிறு வாங்கப்பா. ஆனா தூங்காம கேக்கணும்" என்றாள். போனேன். உட்கார்ந்தால்தானே வம்பு என்று நின்றுகொண்டேன், ஷூவுக்குள் ஒரு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். ஒன்பது பாட்டையும் முழுக்க விழித்திருந்து கேட்டேன். தங்கள் விமர்சகர் எழுதியது அத்தனையும் சரி. இன்னும் சொல்லப்போனால் தாட்சண்யம் பார்த்துக் குறைத்து எழுதியிருக்கிறார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும். திரும்பி வரும்போது மகள், "எப்படிப்பா இருந்துச்சு?" என்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லை, "அந்த மூணாவது பாட்டுல நிறுத்தினீங்களே, அந்த இடம் ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்றேன். "அங்க நாங்க ஒண்ணுமே வாசிக்கலையேப்பா!" என்று சொல்லி, தெருவில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எத்தனை தடவை 'அப்பா' சொன்னாள் என்று எண்ணிக்கொண்டே வந்தேன், பன்னிரண்டு வரை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன். இனி எல்லா ஞாயிறும் வருவதாகவும் ஒரு நொடிகூடத் தூங்குவதில்லை என்றும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். தங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: விமர்சகரை மட்டும் கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் அனுப்ப வேண்டாம். அவர் உண்மையைத்தான் எழுதுவார். எங்கள் வீட்டில் இப்போதுதான் பேச்சு வந்திருக்கிறது.