மூச்சுக்காரரின் முனகும் லென்ஸ்

ஆம்பூர் முதல் மேல்விஷாரம் வரை, மூச்சு விடும் உயிர்களை எல்லாம் ஒரே சொல்லில் நிறுத்தக்கூடிய மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவருக்கு ஒரு பெயரும் இருந்திருக்கும். எங்கள் ஷூ கம்பெனியின் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அவர் மூச்சுக்காரர்.

போட்டோ எடுக்கும்போது அவர் மூச்சை அடக்குவார்; அது நியாயம். சுற்றி நிற்பவர்களும் அடக்கவேண்டும். நம் மூச்சில் காற்று ஆடும், காற்றில் கேமரா ஆடும் என்பது அவர் கொள்கை. குடியாத்தத்துக் கல்யாணம் ஒன்றில் நாதஸ்வரக்காரரையே மூச்சைப் பிடிக்கச் சொன்னவர். நான் எண்ணினேன். பதினொரு நொடி வெறும் தவில்.

இரண்டாயிரத்து நான்கு வாக்கில் அவர் கை நடுங்க ஆரம்பித்தது. வெளிநாட்டுக்கு அனுப்ப எங்கள் கம்பெனிக்கு அவர் எடுத்த சாம்பிள் ஷூ படங்கள் இரண்டு முறை மங்கலாயின. இன்னொரு வாட்டி இப்படி ஆனால் மெட்ராஸிலிருந்து ஆள் கூப்பிட்டுக்கொள்வேன் என்று மேனேஜர் பாய் சொல்லிவிட்டார். கம்பெனி வேலையை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பில்லை.

துபாயிலிருந்து அவர் தங்கை மகன் ஒரு லென்ஸ் அனுப்பினான். கை ஆடினாலும் படம் ஆடாதாம். மூச்சுக்காரர் அதைக் கேமராவில் மாட்டி, என் காதில் வைத்து, பொத்தானைப் பாதி அழுத்தினார். ஒரு 'டிக்'. பிறகு தீப்பெட்டிக்குள் பொன்வண்டு ஊர்வதுபோல 'கிர்ர்'. விரலை எடுத்த இரண்டாவது நொடியில் 'டொக்'. உள்ளங்கையில் மெல்லிய அதிர்வு. எனக்குப் பயமாக இருந்தது. எனக்கு எல்லாமே பயம்தான்.

அடுத்த சாம்பிள் நாள் வந்தது. பதினெட்டு ஜோடி ஷூ. நாலு மணிக்குள் படங்கள் ஜெர்மனிக்குப் போகவேண்டும். இரண்டரைக்குக் கரண்ட் போனது. ஜன்னல் வெளிச்சம் கம்மி. எதற்கு வம்பு என்று அவர் கேமராவை மூன்றுகால் ஸ்டாண்டில் பூட்டி, கையே படாமல் வயர் பொத்தானால் எடுத்தார். கம்பெனியில் தையல் செக்கிங் பார்ப்பவன் நான்; கேமராத் திரையில் படத்தைப் பெரிதாக்கித் தையலை எண்ணினேன்.

"அங்குலத்துக்குப் பதினெட்டு வருது. நம்ம கம்பெனில ஒம்போதுதான போடறாங்க."

"எவன் மூச்சு வுட்டது?" என்றார்.

வேடிக்கை பார்த்த ஒன்பது பேரை வெளியே அனுப்பினார். கதவிடுக்கில் துணி திணித்தார். எனக்கு ஆஸ்துமா, பன்னிரண்டு நொடிக்கு மேல் தாங்காது. முதல் ஜோடிக்கே எடுத்த ஆறு படத்திலும் ஒவ்வொரு தையலும் இரண்டாகத் தெரிந்தது. பார்வைத் துளையில் கண் வைத்தேன். யாரும் தொடாத கேமராவுக்குள் ஷூ மெல்ல இடப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. 'கிர்ர்' ஓயவில்லை.

மூன்று இருபதுக்குக் கதவு தட்டப்பட்டது. "இன்னா பேஜாரு இது? ஆச்சா, இல்லியா?" மேனேஜர் பாய்.

மூச்சுக்காரர் கேமராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றினார். "அவ்ளோதான் சார். நம்ம கத முடிஞ்சிச்சி."

பையில் வைக்குமுன் மனசு கேட்காமல் கையிலேயே ஒன்று எடுத்தார். கை நடுங்கிய நடுக்கத்தில் கேமரா வார் ஊசலாடியது. டிக். கிர்ர். நான் தையலை மூன்று தடவை எண்ணினேன். அங்குலத்துக்கு ஒன்பது.

அவர் லென்ஸையே பார்த்தார். "நடுக்கத்த அடக்கத்தான் சார் இது பொறந்திருக்கு. ஸ்டாண்டுல நடுக்கமே இல்ல. வேல இல்லாம அதுவே ஆடிக்கிட்டு இருந்திருக்கு."

மீதிப் பதினேழு ஜோடியும் கையில்தான் எடுத்தார். நான் பழக்கத்தில் மூச்சைப் பிடித்து நின்றேன். கேமராவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நீங்க மூச்சு வுடுங்க சார். இது பாத்துக்கும்."

மூன்று ஐம்பத்திரண்டுக்கு மேனேஜர் பாய் யு.பி.எஸ்.ஸில் ஓடிய ஆபீஸ் கம்ப்யூட்டரில் படங்களைப் பார்த்து, ஜெர்மனிக்கு அனுப்பினார். அடுத்த சாம்பிளுக்குப் பதினைந்தாம் தேதி வந்துவிடச் சொல்லிவிட்டு, மூன்று டீ வரவழைத்தார்.

மூச்சுக்காரர் போய் ஏழு வருடம், நான்கு மாதம். இப்போதும் மருமகள் படம் எடுக்கச் செல்போனை நீட்டினால் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். விடச் சொல்ல அவர் இல்லை.